வண்டி ஓட்டுவோருக்கு ஓர் இருவழி ஹெட்செட்

நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர் செல்லும் சாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடப்போர் அங்கு வீசும் காற்றை நன்கு அறிவர். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. அந்தக் காற்றிடையே இரு மோட்டார் சைக்கிள்களில் செல்வோர் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வது எப்படி? கருவியைக் கையில் எடுத்தால் வண்டியின் பிடி தளரும். மேலும், ஓட்டும்போது தகவல் தொடர்புக் கருவியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. ஆகவே வீட்டிலேயே ஒரு ஹெட்செட் செய்யும் முறையை இங்கு விளக்குகிறோம்.

தேவையான பொருள்கள்: எலெக்ட்ரெட் மைக், 8 ஓம் சிறு ஸ்பீக்கர், விட்டவுடன் மீளும் அழுத்து ஸ்விட்ச், கவசக் கம்பி, கருவிக்குப் பொருந்தும் பிளக், சிறிது ஸ்பாஞ்சு.

மைக்கின் பின்புறம் இரு முனைகள் இருக்கும். உலோக உறையோடு சேர்ந்திருப்பது எதிர்முனை. இதை மாற்றி இணைத்தால் மைக் சரிவர இயங்காது. சாதாரணக் கம்பியானால், நம் கருவி அனுப்பும் அலைகளே அதில் புகுந்து இரைச்சல் உண்டாக்கும். கவசக் கம்பி அதைக் குறைக்கும். மைக்கை ஸ்பாஞ்சால் மூடி, வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரம் பொருத்த வேண்டும். அப்போது காற்றும் மூச்சும் மோதி ஒலி கெடாது. பிளக்கின் இணைப்பு கருவிக்குக் கருவி மாறுவதால், விளக்கக் குறிப்பைப் பார்த்தே பற்றவைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் இடக்காதுக்கு மட்டும் போதும். நம் நாட்டில் முந்திச் செல்லும் வண்டிகள் வலப்பக்கமாக வருவதால், அந்தக் காது திறந்திருக்கட்டும். ஹெல்மெட்டில் துளையிடலாகாது, அதன் வலிமை குறைந்துவிடும்.

இவற்றுள் மிக முக்கியமானது ஸ்விட்சே. தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். வாக்கி டாக்கியில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கத்தான் முடியும். ஸ்விட்சை அழுத்தினால் பேச்சு செல்லும். விட்டால்தான் பதில் கேட்கும். குரல் கேட்டுத் தானே இயங்கும் அமைப்பும் உண்டு. ஆனால் இன்ஜின் ஒலியும் காற்றும் அதை இயக்கிவிடும். எனவே ஹேண்டில்பாரில் இடக்கைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி ஸ்விட்சைக் கட்டுவதே நலம். வீட்டு விளக்கு ஸ்விட்ச் போல அழுத்திய நிலையில் நின்றுவிடும் ஸ்விட்ச் கூடவே கூடாது. அது நின்றுவிட்டால், அந்த அலைவரிசையிலுள்ள அனைவரின் பேச்சும் தடைப்படும்.

நம் மாவட்டத்தில் குளச்சல் போன்ற இடங்களிலிருந்து கடலுக்குச் செல்லும் படகுகளிலும் வி.எச்.எப். கருவிகள் உண்டு. கடலில் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கென உலகெங்கும் வகுக்கப்பட்டது. அங்கே ஒரு ஸ்விட்ச் சிக்கிக்கொண்டால், மூழ்கும் படகின் குரல் யார் காதிலும் விழாமற் போகலாம்.

வானொலி அலைகள் பொதுச் சொத்து. அதனால்தான் அமெச்சூர் வானொலியில் பேச விரும்புவோர் தேர்வெழுதி, மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும். அவ்வாறு உரிமம் பெற்ற திருமதி பாரதி பிரசாத், 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியபோது அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த வேளையில், அவருடைய வானொலி வழியே தீவுகளின் செய்திகள் வெளியுலகை அடைந்தன.

தோழியரே, ஹெட்செட்டை முதலில் நிறுத்திய வண்டியில் அமர்ந்து பழகுங்கள். அலைவரிசையில் வேறொருவர் பேசுகிறாரா என்று முதலில் கேளுங்கள். பிறகு அழுத்தி, சுருக்கமாகப் பேசி, விரலை எடுத்துவிடுங்கள்.