குதிகாலைப் பூட்டாத சறுக்கு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்கள். அண்ணா சிலை தாண்டிக் காவிரிப் பாலத்துக்கு வண்டி வளையும்போது, நிற்பவர்களின் கால்களைப் பாருங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இரண்டு முட்டியும் மடிந்து, பின்காலின் குதிகால் மட்டும் லேசாக எழும்பியிருக்கும். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் பிறந்த பழைய பனிச்சறுக்கு முறைக்கும் இதுதான் நிலை.

மோர்கெடால் ஊர்க்காரர் சோன்ட்ரே நோர்ஹைம் 1868-ல், தன் 42-வது வயதில், கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) நடந்த போட்டியில் இப்படிச் சறுக்கி ஊரையே வியக்க வைத்தார். இப்போது பரவலாக இருக்கும் ஆல்பைன் முறையில் குதிகாலையும் ஸ்கீயோடு (சறுக்குப் பலகையோடு) பூட்டிவிடுவார்கள். டெலிமார்க்கில் விரல் பக்கம் மட்டும்தான் பிடிப்பு, நம் ரப்பர் செருப்பைப் போல. ஒவ்வொரு திருப்பத்திலும் மலைக்கு முன் மண்டியிட்டு எழுகிற மாதிரி இருக்கும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

செய்ய வேண்டியவை

• கூட்டமில்லாத காலையில் மலைக்கோட்டை ஏறி, நிதானமாக இறங்குங்கள். படி இறங்கும்போது பின்முட்டி மடிந்து, உடம்பின் எடையை மெல்லக் கீழே விடுகிறதல்லவா? பனியில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த வேலையைச் செய்யும் தசைதான்.

• இடதுபுறம் திரும்ப வலது ஸ்கீயை முன்னே தள்ளுங்கள். பின்காலின் முன்பாதத்திலும் பாதி எடை இருக்கட்டும். முதல் நாள் நான் முழு எடையையும் முன்காலில் போட்டேன். பின் ஸ்கீ தன் பாட்டுக்கு விலகி, முகம் பனியில் புதைந்தது.

• முட்டிக்கு உறை போடுங்கள். பனிக்கடியில் கல் இருக்கும்.

• பனிச்சறுக்குப் பழக ஆலிக்குப் போனாலும் குல்மார்க்குக்குப் போனாலும், டெலிமார்க் சொல்லித்தருவார்களா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே வழக்கமாகச் சொல்லித்தருவது ஆல்பைன்தான். டெலிமார்க் பூட்ஸ் வாடகைக்குக் கிடைப்பது அரிது. ஆல்பைனில் தொடங்கினாலும் வீணில்லை, பனியில் நிற்கப் பழகிவிடும்.

செய்யக்கூடாதவை

• பயிற்சி என்று நினைத்து பஸ்ஸில் கம்பியை விடாதீர்கள்.

• முட்டி ஸ்கீயில் இடிக்கும்வரை தாழாதீர்கள். பழைய படங்களில் அழகாகத் தெரியும். ஆனால் எழுந்து அடுத்த திருப்பத்துக்கு மாற நேரம் போதாது.

• பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் பழைய மூன்று முள் பிடிப்பான், விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளாது. செங்குத்துச் சரிவிலோ தனியாகவோ அதை மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

• வேகத்தில் ஆல்பைன்காரரோடு போட்டி வேண்டாம். உங்கள் பலம் வேறு. குதிகால் எழும்புவதால், ஸ்கீக்கு அடியில் ஒட்டுத்தோல் ஒட்டி அதே ஸ்கீயில் மலையேறவும் முடியும். லிஃப்ட் இல்லாத சரிவும் உங்களுக்குத் திறந்திருக்கிறது.

• நனைந்த தோல் பூட்ஸை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து இரவு முழுக்க விடுங்கள். பூட்ஸின் முன்பக்கம் வாத்து அலகு போல நீண்டிருக்கும். அதன் அடியிலுள்ள மூன்று துளைகளில்தான் முட்கள் உட்காரும். அந்த இடம் வெடித்துவிட்டால் பூட்ஸ் ஸ்கீயில் நிற்காது.