தொடாமல் அறியும் வெப்பம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை அடுத்து, பழவேற்காட்டு ஏரியின் கரையில் உள்ளது சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர். கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குதல் இவ்வேரிக் கரையோரத்தார் நெடுங்காலமாக அறிந்த தொழில். ஊரின் பெயரும் அதனை நினைவூட்டுகின்றது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இவ்வேரி, நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்த பெருமையுடையது. இறாலும் நண்டும் மடவையும் இதன் செல்வங்கள். பரப்பிற் பெரிதாயினும் ஆழத்திற் சிறிது. ஆதலின் சித்திரை வெயிலில் விரைவிற் சூடேறும். மார்கழி இரவில் விரைவிற் குளிரும்.

இத்தகைய கரையில் நண்பகலில் நிற்கும் ஒருவன் வெம்மையின் பல நிலைகளை ஒருங்கே காண்பான். மணல் காலைச் சுடும். நீர் இதமாக இருக்கும். படகின் நிழற்பக்கம் ஒருவகை, வெயிற்பக்கம் மற்றொருவகை. இவற்றையெல்லாம் கையால் தொட்டே அறிந்துகொள்ளலாகாதோ எனின், ஆகாது. விடியற்காலையில் இரும்பு நங்கூரத்தையும் மரத்துடுப்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இரவெல்லாம் ஒரே படகில் கிடந்தவை. ஒரே வெப்பநிலை உடையவை. எனினும் இரும்பு குளிர்ந்தது என்றே கை கூறும். கையிலுள்ள வெப்பத்தை இரும்பு விரைந்து பற்றிச் செல்வதே அதற்குக் காரணம். கை நல்ல துணைவன். நல்ல சாட்சி அல்லன்.

இக்குறையை நீக்க வந்ததே அகச்சிவப்பு வெப்பமானி. கைத்துப்பாக்கி போன்ற வடிவினது. ஒரு பொருளை நோக்கி அதனை நீட்டி விசையை அழுத்தினால், பொருளைத் தொடாமலே அதன் மேற்பரப்பின் வெப்பநிலை எண்ணாகத் தோன்றும். இது மாயம் அன்று. வரலாற்றைக் கேளுங்கள்.

1800ஆம் ஆண்டில், வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர் இங்கிலாந்தில் ஞாயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1781இல் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டறிந்தவரும் அவரே. நிறக்கண்ணாடிகளின் வழியே ஞாயிற்றை நோக்கியபொழுது, சில நிறங்களில் வெப்பம் மிகுதியாகவும் சிலவற்றிற் குறைவாகவும் இருத்தலை உணர்ந்தார். முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். அதன் குமிழுக்குக் கருமை பூசியிருந்தார். இதனை மறவாதீர்கள், பின்னர்ப் பயன்படும். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் மிகுந்தது. சிவப்பையும் கடந்து, கண்ணுக்கு ஒளியே புலப்படாத இடத்தில் வைத்தபொழுது இன்னும் மிகுந்தது! காணாத கதிர் ஒன்று அங்கே உண்டு என்பதை அவர் துணிந்தார்.

அக்கதிருக்கே அகச்சிவப்பு என்று பெயர் வழங்குகிறோம். இப்பெயர் எனக்கு அத்துணை உடன்பாடன்று. மூலச்சொல்லின் பொருள் 'கீழ்' என்பது. 'அகம்' என்பதோ 'உள்' என்று பொருள்படும். இலங்கைத் தமிழர் 'செந்நிறக்கீழ்க் கதிர்' என்பர். அதுவே பொருத்தம் மிக்கது. ஆயினும் வழக்கு வலிமையுடையது. நாமும் வழக்கையே பின்பற்றுவோம்.

ஞாயிறு மட்டுமன்றி மணல், நீர், மீன், நம் உடல் ஆகிய எல்லாப் பொருள்களும் இக்கதிரை இடையறாது வெளிவிடுகின்றன. நம்மைச் சூழ்ந்த பொருள்கள் விடும் கதிரின் அலைநீளம் பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியது. பொருள் சூடேறினால் கதிரும் மிகும், அதுவும் சிறிதன்று. தனிச்சுழி வெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப அது மிகும் என்பதனை 1879இல் ஸ்டெஃபான் என்னும் அறிஞர் கண்டார். 27 பாகை செல்சியஸ் உள்ள பொருள் 37 பாகைக்கு உயர்ந்தால், அது விடும் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு கூடும். கருவியின் முகப்பிலுள்ள வில்லை அக்கதிரைத் திரட்டி உள்ளே ஓர் உணர்கருவியின்மேற் செலுத்துகின்றது; அதிலெழும் சிறு மின்னழுத்தத்தைக் கருவி பாகையாக மாற்றிக் காட்டுகின்றது.

இனி, கருவி பொய்யுரைக்கும் இடங்களைக் காண்போம். இவற்றை அறியாதவன் கையில் இக்கருவி இருத்தலினும் இல்லாதிருத்தல் நன்று.

அடுப்பில் நீர் கொதிக்கின்றது. பாத்திரம் நன்கு துலக்கிய அலுமினியம். நீரின் வெப்பநிலை 100 பாகை என்பது நமக்குத் தெரியும். பாத்திரத்தின் பளபளத்த பக்கத்தை நோக்கிக் கருவியைப் பிடித்தால் அது 40 பாகை அளவே காட்டினும் காட்டும். அதனை நம்பிக் கை வைத்தவன் கதி என்னாம்? பளபளப்பான உலோகம் தன் கதிரை மிகக் குறைவாகவே விடும். சுவரும் கூரையும் விடும் கதிரைக் கண்ணாடிபோல் எதிரொளிக்கும். கருவி அளந்தது பாத்திரத்தின் வெப்பத்தை அன்று; பெரும்பாலும் சுவரின் வெப்பத்தையே. அதே பாத்திரத்தின் கரி படிந்த அடிப்பக்கத்தை நோக்கினால் உண்மை வெளிப்படும். கரிய பரப்பு கதிரை நன்கு ஏற்கும். நன்கு விடவும் செய்யும். ஹெர்ஷல் குமிழைக் கருமையாக்கியதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ? உலோகத்தை அளக்க வேண்டுவோர் அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, அது சூடேறிய பின்னர் அதனை அளப்பர். மணல், மரம், நீர், மனிதத்தோல் ஆகியவற்றில் இவ்விடர் பெரிதும் இல்லை.

தொலைவும் கருதத்தக்கது. பல கருவிகளில் 12க்கு 1 என்று குறித்திருப்பர். பன்னிரண்டு சாண் தொலைவில் நின்றால், ஒரு சாண் அகலமுள்ள வட்டத்தின் சராசரியையே அது காட்டும் என்பது பொருள். செந்நிற ஒளிப்புள்ளி ஒன்று பொருளின்மேல் விழும். அளப்பது அப்புள்ளி என்று பலர் எண்ணுவர். அது குறிபார்க்க மட்டுமே. சிறு மீனைத் தொலைவிலிருந்து அளந்தால், மீனோடு மணலும் சேர்ந்தே அளவிடப்படும். அவ்வொளியைப் பிறர் கண்ணை நோக்கிச் செலுத்துதல் பெருந்தீங்கு.

ஏரிநீரை அளக்குங்கால் நேர்கீழாக நோக்க வேண்டும். சாய்ந்து நோக்கினால் நீர், வானத்தை எதிரொளிக்கும், தெளிந்த வானம் கருவிக்கு மிகக் குளிர்ந்ததாகவே தோன்றும், அளவு குறையும். நேராக நோக்கினும் கருவி அறிவது, ஒரு தாளின் தடிப்பினும் மெல்லிய மேற்படலத்தின் வெப்பத்தையே. அடிநீரின் நிலை வேண்டுமாயின், அமிழ்த்தி அளக்கும் பழைய வெப்பமானியே துணை.

இக்குறைபாடு மீன் விற்பனையில் பெரும்பொருட்டாகின்றது. பிடித்த மீனை விரைந்து பனிக்கட்டியிட்டுச் சுழி பாகையை ஒட்டி வைத்தால் நுண்ணுயிர் பெருகுதல் மிகவும் குறையும். கானாங்கெளுத்தி, சூரை முதலிய மீன்கள் வெம்மையில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். அதனைச் சமைத்தும் போக்கவியலாது. ஆதலின் மீனின் குளிர்ச்சி, உண்போர் உடல்நலத்தையும் விற்போர் பிழைப்பையும் ஒருங்கே பற்றியது. பெரிய கொடுவா ஒன்றின்மேல் பனிக்கட்டியை இட்டுச் சிறிது நேரத்தில் அளந்தால், கருவி 2 பாகை எனலாம். நடுச்சதையிலோ வெம்மை தங்கியிருக்கும். அதற்கு மாறாக, நன்கு குளிர்ந்த மீனைத் தட்டில் எடுத்துச் சில நிமிடங்கள் வெயிலில் வைத்தால், தோல் சூடேறி அளவு மிகும். சதையோ குளிர்ந்தே இருக்கும். அவ்வெண்ணைக் காட்டி வாங்குவோர் விலையைக் குறைத்தால், கூடை சுமந்து வந்த பெண்ணுக்கு விடை கூறத் தெரியவேண்டாவோ? 'ஊசி வெப்பமானியைச் சதையிற் செலுத்திப் பாருங்கள்' என்பதே அவள் கூறவேண்டிய விடை.

2020இல் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபொழுது, வாயில்தோறும் நெற்றியை நோக்கி நீட்டப்பட்ட கருவியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வெயிலில் நடந்து வந்தவர் நெற்றி மிகுத்துக் காட்டியதும் தோலின் செய்தியே. உட்காய்ச்சலின் செய்தி அன்று.

இதே முறை விண்ணிலும் பயன்படுகின்றது. பழவேற்காட்டு ஏரியைக் கடலினின்று பிரித்து நிற்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2016 செப்டம்பர் 8ஆம் நாள் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் என்னும் செயற்கைக்கோள், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடற்பரப்பின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவிகளைத் தாங்கியது. கையிலுள்ள கருவி சாண் அளவு வட்டத்தை நோக்கும். அதுவோ நான்கு கிலோமீட்டர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காணும். ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் அளந்த வெப்பத்தையும் நீரின் பசுமையையும் ஒப்பிட்டு, வெந்நீரும் தண்ணீரும் சந்திக்கும் எல்லைகளைக் கண்டு, மீன் திரளக்கூடிய இடங்களைக் கடலோர மொழிகளில் மீனவர்க்கு அறிவிக்கின்றது. ஆயினும் அகச்சிவப்புக் கதிர் மேகத்தை ஊடுருவாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் மூடிக் கிடக்குங்கால் விண்கருவி காண்பது மேகத்தின் முதுகையே. அந்நாள்களில் படகோட்டி நீரின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் கொண்டே வலை வீசும் இடத்தைத் துணிகின்றான்.