தண்ணி மெத்தையை எடுக்கப் போன நாள்

தீராத நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் எங்கள் குழுவின் பதிவேட்டில், நோயாளி இறந்த தேதியை எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டால் அந்தப் பக்கத்துக்கு வேலை முடிந்தது. நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம் நானும் அந்தக் கோட்டோடு நின்றுகொண்டேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். வாய்ப் புற்றுநோயில் கணவரை இழந்த ஓர் அம்மாவின் வீட்டுக்கு, மூன்றாம் நாள், வலிக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி வாங்கப் போயிருந்தேன். கட்டுப்பாட்டு மருந்து, வீட்டில் விட்டு வைக்கக் கூடாது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அந்த அம்மா அட்டையை என் கையில் வைத்தார், ஆனால் விடவில்லை. “சிஸ்டர், ராத்திரி நான் குடுத்த மாத்திரதான அவுகளக் கொண்டு போயிட்டு?”

“சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா. கஷ்டப்படாமப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைப்பு. வாயை அடைத்துவிட்டு வந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, படுக்கைப் புண் வராமலிருக்க நாங்கள் கொடுத்திருந்த தண்ணி மெத்தையை எடுக்கப் போனபோது அவர் மட்டும் இருந்தார். அதே கேள்வி, அட்சரம் பிசகாமல். இந்தத் தடவை உட்கார்ந்தேன். மருந்து நேரத்தை அவர் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்து வரச் சொல்லி, இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் 10 மில்லிகிராம். தூக்கத்தில் எழுப்ப வேண்டாம் என்று ராத்திரி பத்து மணிக்கு மட்டும் இரண்டு. மூன்று வாரமாக அதே அளவு, உடம்புக்குப் பழகிப்போன அளவு. கடைசி நாள் மூச்சு விட்டு விட்டு வந்தது நோயின் போக்கு என்று அவர் கையெழுத்தைக் காட்டியே சொன்னேன். அப்புறம்தான் அழுதார்.

பிறகு பார்த்த வீடுகளிலும் இதே குற்ற உணர்வுதான்; மாத்திரை இல்லாவிட்டால் சோறு. “ரெண்டு நாளா ஒரு வாய் கஞ்சி இறங்காம, பட்டினியாப் போயிட்டாகளே.” இறந்த பிறகு இதற்குச் சொல்லும் பதில் எடுபடாது. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடைசி நாட்களில் உடம்பு சோறு கேட்காது, வற்புறுத்தினால் புரையேறும், ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தால் போதும், தொண்டையில் கரகரப்பு வரும், பார்க்கிற நமக்குத்தான் அது பெரிய வேதனை.

லண்டனில் 1967ல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸில், இறப்புக்குப் பிறகு குடும்பங்களைக் கவனிக்க மனநல மருத்துவர் காலின் மர்ரே பார்க்ஸ் தனிச் சேவையே அமைத்தார். எங்களுக்கு அதற்கெல்லாம் ஆள் ஏது? மறுபடி அந்த வீட்டுக்குப் போக மெத்தைதான் சாக்கு. துக்க வீட்டிலிருந்து அன்றைக்கே அதை இழுத்து வராதீர்கள். மகன்கள் “எடுத்துட்டுப் போங்க” என்பார்கள். இறந்தவரின் மனைவியைக் கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது அந்த நேரத்தில் காதில் ஏறாது.

அன்று அந்தக் கிராமத்து வீட்டில் நான் மெத்தையைச் சுருட்டும்போது அந்த அம்மாவின் போனில் அலாரம் அடித்தது. காலை பத்து மணி. சட்டென்று எழுந்து மருந்து இருந்த அலமாரி வரை போய்விட்டார். திரும்பி வந்தவரிடம், “அணைச்சுத் தரட்டுமாம்மா?” என்றேன்.

“கெடக்கட்டும் சிஸ்டர். அது அடிச்சாத்தான் நானும் ரெண்டு இட்லி வச்சுத் திங்கேன்.”