பிளஸ் டூவிலேயே சட்டம் படிக்கத் தொடங்குவோம்



வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. வங்கிக் கடன் பற்றியதாக இருக்கலாம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றியதாக இருக்கலாம். அத்தா படித்துப் பார்க்கிறார், புரியவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார். பதில் கொடுக்க வேண்டிய கெடு முடிந்த பிறகுதான் விவரம் தெரிந்தவரைத் தேடி ஓடுகிறோம். வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் இது நமக்குப் புதிதல்ல. அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வேண்டும்.

"வக்கீல் தொழில் பொய் பேசும் தொழில், நமக்கு ஆகாது" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். நமக்கோ, பெற்றோருக்கோ பாதகமாக முடிந்தாலும் நீதியின் பக்கமே சாட்சி நிற்க வேண்டும் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. நாகூரில் 1921-இல் பிறந்த மு.மு. இஸ்மாயில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். நெருக்கடிநிலையின்போது சென்னை மத்திய சிறையில் நடந்த கொடுமைகளை விசாரித்ததும் அவர் தலைமையிலான ஆணையமே. கேரளத்தின் பாத்திமா பீவி 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நம் பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

எந்தப் பாடத்தில் சட்டம் இருக்கிறது?

சிபிஎஸ்இ பள்ளிகள் சிலவற்றில் 'லீகல் ஸ்டடீஸ்' தனிப் பாடமாகவே உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் அரசமைப்பு, சட்டமன்றம், நீதித்துறை ஆகிய பாடங்களைப் படிக்கலாம். அந்தப் பிரிவை எடுக்காதவர்களும் நூலை வாங்கி வாசிக்கலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் தடையில்லை.

ஒரு வழக்கை எப்படிப் படிப்பது?

எந்த வழக்கானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: நடந்தது என்ன? நீதிமன்றத்தின் முன் எழுந்த கேள்வி என்ன? தீர்ப்பு என்ன? அதற்குக் காரணம் என்ன? 1979-ஆம் ஆண்டின் ஹுசைனாரா காத்தூன் வழக்கை இப்படிப் பார்ப்போம்.

நடந்தது: பீகார் சிறைகளில் ஏழை விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் அவ்வளவு காலத் தண்டனை கிடைக்காது என்ற நிலையில் சிலர் இருந்தார்கள். செய்தித்தாளில் வெளிவந்த இந்த விவரத்தை வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். வழக்கு, கைதிகளில் ஒருவரான ஹுசைனாராவின் பெயரால் அறியப்பட்டது.

கேள்வி: விசாரணையே நடத்தாமல் ஒருவரை இப்படி அடைத்து வைப்பது அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் மீறுவதாகுமா?

தீர்ப்பு: ஆகும். விரைவான விசாரணை அந்த உரிமையின் பகுதி. வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிக்கு இலவசச் சட்ட உதவி தர வேண்டியதும் அரசின் கடமை.

காரணம்: சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும். வக்கீலும் இல்லாமல், விசாரணையும் இல்லாமல் ஏழையை அடைத்து வைப்பது நியாயமாகாது.

இத்துடன் 39-ஏ உறுப்பையும் சேர்த்துப் படியுங்கள். இலவசச் சட்ட உதவியை அரசின் பொறுப்பாக்கும் அந்த உறுப்பு 1976-இல் சேர்க்கப்பட்டது. பின்னர் 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. உதவி எண் 15100.

பயிற்சி: கூலி வேலை செய்யும் சகோதரி ஒருவர் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட விரும்புகிறார். "உன் புருஷன் கை நிறையச் சம்பாதிக்கிறார், உனக்கு இலவச வக்கீல் தரமாட்டார்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இது சரியா? முதலில் சட்டப் பிரிவை எழுதுங்கள். அதை இந்தச் சகோதரியின் நிலையோடு பொருத்துங்கள். கடைசியில் முடிவைச் சொல்லுங்கள். தேர்விலும் இந்த வரிசையிலேயே விடை எழுதிப் பழகுங்கள்.

சேர்க்கைக்கு முன்

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது. விழுப்புரத்திலும் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு 'கிளாட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமையும் உண்டு.

ஒரு வேலையை இந்த மாதமே முடித்துவிடுங்கள். பள்ளிப் பதிவேட்டில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', சாதிச் சான்றிதழில் வேறொன்று என்று உங்கள் பெயர் மாறி மாறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் அச்சாகும் முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்துங்கள். ஓர் எழுத்துக்காகச் சேர்க்கை நேரத்தில் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம்.

உங்கள் விடைகளை எழுதி வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அல்லாஹ் உங்கள் கல்வியில் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.