மாரிகால மிளகாய் நாற்றைக் கூரையின்கீழ் வளர்த்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டுத் தறைகளில் தை மாதத்தில் நடப்படும் மிளகாய்க்கு விதை கார்த்திகையிலேயே இடப்படல் வேண்டும். கார்த்திகையோ வடகீழ்ப் பருவமழை ஓங்கிப் பெய்யும் மாதம். 2008 ஆம் ஆண்டு நவம்பரில் நிஷாப் புயலின்போதும், 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் புரேவிப் புயலின்போதும் குடாநாட்டிற் பெருவெள்ளம் தேங்கிற்று. இத்தகைய வாரத்தில் திறந்த மேடையில் விதைத்திருப்பவர் கன்றுகளை மாத்திரமன்றிப் பருவத்தையும் இழக்கிறார். மறுமுறை விதைத்து நடும்போது மாசி வந்துவிடும். பின்னர் காய்ப்பு கடுங்கோடையில் விழும். அப்பொழுது கிணறு வற்றும், பனிப்பூச்சி பெருகும். ஆதலின் நாற்றைக் கூரையின்கீழ் வளர்த்தலே தக்கது.

நெற்செய்கையிற் பழகிய கை மிளகாய் நாற்றுக்கு அளவுக்கு மிஞ்சி நீர் வார்க்கின்றது என்பதை முதலிற் சொல்லவேண்டும். நெல் விதை மூச்சுக்காற்று அரிதாயுள்ள சேற்றிலும் முளைக்கும் வல்லமை உடையது. மிளகாய் விதைக்கு அவ்வல்லமை இல்லை. ஓரிரவு ஊறவைத்தாற் போதும். நெல்லைப்போல் நீண்டநேரம் நீரில் விட்டால் அது மூச்சடைத்து அழுகும். ஊறிய விதையை ஈரத்துணியில் முடிந்து, வீட்டினுள் வெதுவெதுப்பான மூலையொன்றில் வைக்கலாம். 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் அதற்கு ஏற்றது. மாரிக் குளிரில் முளைப்பு ஓரிரு நாட் பிந்துமாயின் அஞ்சவேண்டியதில்லை.

வீட்டில் எடுத்து வைத்த விதையாயின் முன்னரே 100 விதைகளை எண்ணி, ஈரக் கடதாசியிற் பரப்பிச் சுருட்டி வைத்து, இரு வாரத்தில் எத்தனை முளைத்தன என்று பார்த்துக்கொள்க. எண்பதுக்குக் குறையுமாயின் வேறு விதை தேடுவது நன்று. கலப்பின வர்க்கங்களின் பழத்திலிருந்து விதை எடுத்தல் வேண்டா. அவ்விதையின் செடிகள் தாய்ச்செடியின் குணத்தை ஒருசீராகக் காட்டமாட்டா.

நாற்றுத்தட்டுக்குத் தும்புச்சோறும் அரித்த கூட்டெருவும் சம அளவிற் கலந்தது போதும். தும்புச்சோற்றில் உப்பு இருக்குமாதலால் நல்ல நீரில் இருமுறை கழுவிப் பிழிந்தே கலக்கவேண்டும். கடலோரக் கிராமங்களில் இது மேலும் கவனத்துக்குரியது. வளர்ந்த செடி தாங்கும் உவரை இளங்கன்று தாங்காது. கூரையிலிருந்து வடியும் மழைநீரை ஒரு தொட்டியிற் பிடித்து வைத்தால் அந்த ஐந்து வாரத்துக்கு அதுவே உதவும்.

விதையைக் கால் அங்குல ஆழத்தில் இட்டு மூடுக. குடாநாட்டார் நன்கறிந்த புகையிலைக்கு இது பொருந்தாது. ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 அடங்கும் அந்த நுண்விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமாதலால் அதனை மண்ணில் புதைப்பதில்லை. மிளகாய்க்கு முளைக்கும்வரை இருள் ஊறு செய்யாது. தட்டுகளை அடுக்கிப் பொலித்தீனால் மூடி வீட்டினுள் வைக்கலாம். எறும்பு விதையைத் தூக்கிச் செல்லாதபடி மேசையின் கால்களை நீர் நிறைந்த சிரட்டைகளில் நிறுத்துக.

ஆறாம் நாள் தொடக்கம் காலையும் மாலையும் திறந்து பார்க்கவேண்டும். முதல் முளை வில்லைப்போல் வளைந்து தலைகாட்டும் அன்றே தட்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல் அவசியம். இன்னும் சில முளைக்கட்டும் என்று இரண்டு நாள் தாமதித்தால் முந்தியவை வெளிறி நெடுத்து நூல்போலாகிவிடும். அவற்றைப் பின்னர் எந்தப் பசளையாலும் தேற்ற இயலாது. சன்னலோர வெளிச்சமும் போதாது. கன்று ஒருபக்கம் சாயும்.

முற்றத்தில் அல்லது தோட்டத்தில் மேடான இடத்தில் நான்கு கம்பு நாட்டி, நடுமுகடு ஆறடி உயரமாக, தெளிந்த பொலித்தீனால் கூரை இடுக. பக்கங்கள் காற்றோடத் திறந்திருக்கவேண்டும். நுண்கண் வலையால் மறைத்தால் இலைச்சுருளல் நோயைப் பரப்பும் வெண்ணீயும் பெரும்பாலும் தடைப்படும். கிடுகுப் பந்தல் நம்மவர் வழக்கம். வெயிலுக்கு அது நல்ல நிழல்; மாரியிலோ ஒழுகும், வெளிச்சத்தையும் மறைக்கும்.

கூரையின்கீழும் கன்றைக் கொல்வது நாற்றழுகல் நோயே. பித்தியம், ரைசொக்டோனியா முதலிய பங்கசுக்கள் மண்மட்டத்தில் தண்டைத் தாக்கும். தண்டு அவ்விடத்தில் நீர்கோத்ததுபோலாகி மெலிந்து, பச்சைக் கன்று அப்படியே சாய்ந்துவிழும். கன்று வாடியதென்று எண்ணி மேலும் நீர் வார்ப்போர் பலர். அது நெருப்புக்கு எண்ணெய் வார்ப்பதாகும். விழுந்தவற்றையும் சுற்றிலுமுள்ள இரு வரிசைகளையும் மண்ணோடு அகற்றிப் புதைத்து, நீரை நிறுத்திக் காற்றுப் படச்செய்க. பங்கசுநாசினி வேண்டுமாயின் உங்கள் கமநல சேவை நிலையத்துப் போதனாசிரியரைக் கேட்டு, சுட்டியிலுள்ள அளவைக் கடவாது பாவிக்கவும். பழைய தட்டுகளைக் குளோறின் கலந்த நீரிற் கழுவி வெயிலில் உலர்த்தியபின்னரே மீண்டும் எடுக்கவேண்டும். தட்டு இல்லாது மேடையிலேயே விதைப்போர், ஆவணி வெயில் இருக்கும்போதே மண்ணை நனைத்து, தெளிந்த பொலித்தீனால் மூன்று வாரம் இறுக மூடிவைத்தால் மண்ணிலுள்ள பங்கசு பெரிதும் குறையும்.

நீரைக் காலையில் மாத்திரம், நுண்கண் பூவாளியால் வார்க்கவேண்டும். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாய் நிற்கும். மேற்பரப்பை விரலால் தொட்டு, காய்ந்திருந்தாலன்றி வார்க்கற்க. மழைநாளில் ஒருநாள் விட்டும் வார்க்கலாம்.

30 முதல் 35 நாளில் கன்று நடுகைக்கு வரும். அதற்கு ஒரு வாரம் முன்னர் நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மழையில்லாத வேளைகளிற் கூரையை விலக்கி முழு வெயில் காட்டுக. நடும் நாளில் தட்டை நன்றாக நனைத்து, வேரோடு மண் உதிராமற் கன்றைக் கிளப்பி, வெயில் தணிந்தபின் மாலையில் நடவேண்டும்.