பேரிடர்க் காலத்துச் செய்திப் பாலம்
அமெச்சூர் வானொலியும் இணையமும்

செய்தி காலத்தே வந்து சேர்வது சில வேளைகளில் உயிரைக் காக்கும் காரியமாகும் என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பால் வெட்டச் சென்றவரைப் பாம்பு தீண்டிவிட்டால், அல்லது ஆற்று நீர் ஏறிச் சாலை மூழ்கிய இரவில் ஒரு தாய்க்குப் பேறுகால வலி கண்டுவிட்டால், முதலில் தேவைப்படுவது செய்தியே. கைப்பேசி வந்த பின்னர் இக்குறை பெருமளவு நீங்கியது உண்மை. ஆயினும் கைப்பேசிக் கோபுரத்திற்கும் மின்சாரம் வேண்டும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தின்போது சிலாங்கூர் மாநிலத்தின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. கைப்பேசியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அந்நாள்களில் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் ஆகிய வட்டாரங்களின் நிலம் பெரும்பாலும் தாழ்வானது. சிலாங்கூர் ஆறும் பெர்ணம் ஆறும் இப்பகுதியில்தான் கடலை அடைகின்றன. இத்தகைய வட்டாரத்தில் வாழும் நாம், செய்திக்கென இரண்டாவது வழியொன்றை வைத்திருப்பது அறிவுடைமையாகும். அவ்வழிகளுள் ஒன்றே அமெச்சூர் வானொலி. அதனை இணையத்தோடு இணைத்து நடத்தும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

அமெச்சூர் வானொலி என்பது யாது?

வருமானம் கருதாமல், கற்கும் ஆர்வத்தினாலும் பொதுத் தொண்டின் பொருட்டும் தனி நபர்கள் உரிமம் பெற்று நடத்தும் வானொலித் தொடர்பே அமெச்சூர் வானொலியாகும். இதனை ஹாம் வானொலி என்றும் கூறுவர். நமது நாட்டில் மலேசிய அமெச்சூர் வானொலி ஒலிபரப்பாளர் சங்கம் 1952ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. மார்ட்ஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி வழங்கப்படும். தீபகற்ப மலேசியாவில் 9எம்2, 9டபிள்யூ2 எனத் தொடங்கும் குறிகளைப் பெருவாரியாகக் கேட்கலாம்.

கடைகளில் கிடைக்கும் 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி வேறு. ஹாம் வானொலி வேறு. முன்னதற்குத் தேர்வு இல்லை. குறைந்த ஆற்றலில் அருகிலிருப்போருடன் பேசுவதற்கு அது போதும். பின்னதற்குத் தேர்வு எழுத வேண்டும். தேறியவர், சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் பல அலைவரிசைகளில் பேசவும், கருவிகளைத் தாமே அமைத்துப் பார்க்கவும் உரிமை பெறுகிறார்.

2004ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இந்துமாக் கடலில் எழுந்த ஆழிப்பேரலை நமது நாட்டிலும் 68 உயிர்களைக் கவர்ந்தது. பினாங்கும் கெடாவும் பெரிதும் பாதிக்கப்பட்டன. அந்நாளில் அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் ஒரு ஹாம் குழுவுடன் தங்கியிருந்தார். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் சார்பில், தொலைதூர ஹாம் அன்பர்களுடன் பேசிப் பழகவே அக்குழு சென்றிருந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்ததும், பொழுதுபோக்குக்கென அமைத்த அந்நிலையமே தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையே செய்திப் பாலமாயிற்று. உறவினரைத் தேடித் தவித்தோருக்கு அதன் வழியே செய்திகள் சென்றன.

இலங்கையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கடலோர ஊராகிய அம்பாந்தோட்டையின் தொடர்புகள் துண்டிக்கப்பட்ட வேளையில், விக்டர் குணதிலக்கவும் அவருடைய ஹாம் நண்பர்களும் சிற்றலை வானொலி வழியாக அவ்வூரைக் கொழும்புடன் இணைத்தனர். விலையுயர்ந்த சாதனங்கள் ஓய்ந்த இடத்தில், ஒரு மின்கலமும் ஒரு நீண்ட ஏரியல் கம்பியும் வேலை செய்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உதவியது வானொலி அலையே. இணையத்தைப் பயன்படுத்தும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இணையம் இல்லாமலும் பேசக்கூடிய வானொலியை முதலில் அமைக்க வேண்டும். அதன்மேல் இணையத்தைச் சேர்க்க வேண்டும். இவ்வரிசை மாறினால், வெள்ளம் வரும் நாளில் நம் கையில் எதுவும் மிஞ்சாது.

இணையத்தோடு இணைவது எவ்வாறு?

நாம் வெட்டும் பாலின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். மங்கில் வடிந்த பால் வாளிக்குச் செல்கிறது. வாளியிலிருந்து பால் கொட்டகைக்குச் செல்கிறது. அங்கிருந்து லாரியில் ஆலைக்குப் போகிறது. வானொலி வலையும் இவ்வாறே அமைந்தது. ஓர் அன்பர் தம் கைவானொலியில் பேசுகிறார். அதனை உயரமான இடத்திலுள்ள நிலையம் வாங்குகிறது. அந்நிலையத்தின் வானொலி ஒரு சிறு கணினியுடன் இணைக்கப்பட்டுள்ளது. கணினி அக்குரலை எண்களாக மாற்றி இணையத்தின் வழியே மற்றொரு நிலையத்திற்கு அனுப்புகிறது. அங்கே அது மீண்டும் வானொலி அலையாகி ஒலிக்கிறது. லாரி வராத நாளில் பால் ஆலைக்குப் போகாது. எனினும் கொட்டகை வரை வந்து சேரும். இணையம் அறுந்த நாளிலும் அவ்வாறே, நம் வட்டாரத்திற்குள் பேச்சு நடக்கும்.

இம்முறையில் இரண்டு அமைப்புகள் பெயர் பெற்றவை. ஒன்று, கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த டேவிட் கேமரன் 1997ஆம் ஆண்டு தொடங்கிய ஐ.ஆர்.எல்.பி. ஆகும். இதில் வானொலி வழியாகவே நுழைய முடியும். மற்றொன்று, அமெரிக்கரான ஜோனதன் டெய்லர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட எக்கோலிங்க் ஆகும். உரிமம் பெற்றவர் கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ கூட இதில் சேரலாம். அழைப்புக் குறி உண்மையானதுதானா என்று சரிபார்த்த பின்னரே இடம் தருவர்.

ஒரு குரலை அனுப்ப எக்கோலிங்கிற்கு வினாடிக்கு 20 கிலோபிட்டுக்கும் குறைந்த இணைய வேகமே போதும். எனவே வலுக்குறைந்த இணைப்புள்ள இடத்திலும் இது இயங்கும். ஆனால் குரல் சற்றுத் தாமதித்தே மறுமுனையை அடையும். பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்காமல் ஓரிரு வினாடி பொறுத்துப் பேச வேண்டும். ஒருவர் முடித்ததும் மற்றவர் உடனே பாயாமல் சிறிது இடைவெளி விட வேண்டும். அவசரச் செய்தியுடன் காத்திருப்பவர் அந்த இடைவெளியில்தான் நுழைய முடியும்.

உயரமே முதல் மூலதனம்

வட்டாரப் பேச்சுக்கு 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைப் பகுதி பெரிதும் பயன்படுகிறது. இவ்வலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. எனவே ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எட்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 25 மீட்டர் உயரக் கோபுரத்திற்கு 5 × 4.1, அதாவது 20.5 கிலோமீட்டர். கைவானொலி வைத்திருப்பவரின் ஏரியல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்கு 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இது வெட்டவெளிச் சமநிலத்திற்கான கணக்கு. தஞ்சோங் காராங் வயல்வெளியில் இது ஓரளவு பொருந்தும். பால்மரக் காட்டிற்குள்ளும் செம்பனை ஓலைகளுக்கு நடுவிலும், அதிலும் இலைகள் மழையில் நனைந்திருக்கும்போது, தூரம் வெகுவாகக் குறையும். ஆகவே காட்டிற்குள் நின்று தொடர்பு கிடைக்கவில்லையென்றால், கருவியைக் குறை கூறுமுன் சாலை ஓரத்திற்கோ மேட்டிற்கோ வந்து முயல வேண்டும்.

ஏரியலை நாமே செய்யலாம். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 145க்கு இது ஏறத்தாழ 2 மீட்டர். அதன் கால்பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள செங்குத்துக் கம்பியும், அதன் அடியில் நான்கு கம்பிகளும் இருந்தால் நல்ல ஏரியல் உருவாகிவிடும். வானொலியையும் ஏரியலையும் இணைக்கும் கம்பி தேவைக்கு மேல் நீளமாகவோ மெல்லியதாகவோ இருத்தலாகாது. ஆற்றல் வழியிலேயே வீணாகும். இடியும் மின்னலும் மிகுந்தது நமது நாடு. கோபுரத்திற்கு முறையான நில இணைப்பு வேண்டும். வானம் முழங்கத் தொடங்குமுன் ஏரியல் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

மின்கலக் கணக்கு

நிலையத்தை வீட்டு மின்சாரத்தில் மட்டும் ஓட்டுவது, ஒழுகும் மங்கில் பால் பிடிப்பதற்கு ஒப்பாகும். 12 வோல்ட் மின்கலமும் அதற்குச் சூரிய ஒளித் தகடும் இருத்தல் நலம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். கேட்கும்போது வானொலிக்கு அரை ஆம்பியர், குறைந்த ஆற்றலில் பேசும்போது 3 ஆம்பியர் எனக் கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு நடந்தால் சராசரி ஓர் ஆம்பியர். சிறு கணினிக்கு அரை ஆம்பியர். ஆக மொத்தம் ஒன்றரை ஆம்பியர். 100 ஆம்பியர் மணி ஈய மின்கலத்தில் பாதியை மட்டும் செலவிடுவதே அதன் ஆயுளுக்கு நல்லது. 50ஐ ஒன்றரையால் வகுத்தால் 33 மணி நேரம். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து நிலையம் உயிரோடிருக்கும். இணையத்தை வழங்கும் பெட்டிக்கும் இதே மின்கலத்திலிருந்து மின்சாரம் தர வேண்டுமானால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிக் காப்பது யார்?

ஒரு நிலையத்தை அமைக்க இரண்டு நாள் போதும். அதனைப் பல்லாண்டு காப்பதே அருமை. நிலையத்திற்கு ஒருவர் பொறுப்பாளராக இருந்தால் அவர் ஊர் மாறும் நாளில் நிலையமும் ஊமையாகிவிடும். ஆகையால் ஐந்தாறு பேர் கொண்ட குழு வேண்டும். மின்கலம் ஒருவர், ஏரியல் ஒருவர், கணினி ஒருவர், பதிவேடு ஒருவர் எனப் பொறுப்பைப் பிரித்துக்கொள்வதோடு, ஒருவர் வேலையை மற்றொருவரும் கற்றிருக்க வேண்டும். கணினியின் கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருப்பது ஆபத்து. இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

காலைப் பெரட்டில் பெயர் அழைப்பதுபோல் வாரம் ஒரு முறை குறித்த நேரத்தில் வானொலியிலும் பெயர் அழைக்க வேண்டும். யார் குரல் தெளிவு, எந்த இடத்திலிருந்து கேட்கவில்லை என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். மாதம் ஒரு முறை இணையக் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, பொது மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் வெளிப்படும் குறைகளே வெள்ள நாளில் நம்மைக் கைவிடக்கூடியவை.

செய்தி சொல்லும் முறையிலும் பயிற்சி தேவை. எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன உதவி, எந்த வழியாக வர முடியும் என்னும் ஐந்தையும் வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள். கேட்பவர் அதனை எழுதி, திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். தொலைபேசி வேலை செய்யும்போது 999 எண்ணை அழைப்பதே முதற்கடமை. வானொலி அதற்குத் துணை.

சட்டமும் தேர்வும்

உரிமமின்றி ஒலிபரப்புவது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி குற்றமாகும். அமெச்சூர் வானொலித் தேர்வை நடத்துவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். வானொலிச் சட்டமும் அடிப்படை மின்னியலும் அதில் கேட்கப்படும். நாம் மேலே செய்த வர்க்கமூலக் கணக்கும் மின்கலக் கணக்கும் அத்தகைய பாடத்தின் தொடக்கமே. இடைநிலைப் பள்ளிக் கணிதம் அறிந்த இளைஞர் எவரும் முயன்றால் தேறலாம். ரிப்பீட்டர் நிலையம் அமைப்பதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். இந்த வானொலியில் வாணிபம் பேசலாகாது, பாட்டு ஒலிபரப்பலாகாது, கூலி வாங்கலாகாது. தோட்டத்தின் அன்றாடப் பால் எடையைச் சொல்வதற்கும் இது வழியன்று.

நமது பிள்ளைகளில் கைப்பேசியைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் உடையவர்கள் பலர். அவர்களில் இருவர் இத்தேர்வில் தேறினால், அத்தோட்டத்திற்கு வெள்ள நாளில் ஒரு வாய் உண்டு; அவர்களுக்கோ மின்னியல் துறையில் ஒரு வாசல் உண்டு. தோட்ட இளைஞர் மன்றங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மாலை வகுப்பாக இதனைத் தொடங்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. நமது தோட்டத்தில் மிக உயரமான இடம் எது? அங்கே ஏரியல் அமைத்தால் எத்தனை கிலோமீட்டர் எட்டும்?

2. மின்சாரமும் இணையமும் ஒருசேர நின்றால் நமது நிலையத்தால் யார் யாருடன் பேச முடியும்?

3. 100 ஆம்பியர் மணி மின்கலம், பேச்சு நேரம் பாதியானால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

4. லயத்தைச் சுற்றி நீர் ஏறுகிறது. நடக்க முடியாத முதியவர் இருவர் உள்ளனர். ஐந்து குறிப்புகளையும் அரை நிமிடத்தில் அடக்கி அச்செய்தியைச் சொல்லிக் காட்டுக.