இடம் உன் கையில், நாள் வானத்தின் கையில்

அன்புள்ள தங்கைக்கு,

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வட ஸ்பெயினில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறீர்கள், திட்டம் போடும் பொறுப்பு உன்னுடையது என்று எழுதியிருந்தாய். முதல் நாள் இந்தக் கடற்கரை, மறுநாள் அந்த மலை என்று தேதிவாரியாக எழுதத்தான் யாருக்கும் முதலில் கை போகும். அதைச் செய்யாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தங்கும் இடத்தை இப்போதே உறுதி செய். எந்த நாளில் எங்கே போவது என்பதை அங்கே போய், வானத்தைப் பார்த்து முடிவு செய். அந்த நிலத்தின் அமைப்பே அப்படித்தான் கேட்கிறது.

ஸ்பெயின் என்றதும் வெயிலில் காய்ந்த நிலம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வடகரை அப்படியல்ல. கலீசியா, அஸ்தூரியாஸ், கந்தாப்ரியா, பாஸ்க் நாடு ஆகிய பகுதிகளைப் ‘பசுமை ஸ்பெயின்’ என்றே அழைக்கிறார்கள். அட்லாண்டிக்கின் ஈரத்தைச் சுமந்து வரும் வடமேற்குக் காற்று, கரையை ஒட்டி நீளும் கந்தாப்ரிய மலைத்தொடரில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. மாட்ரிட்டில் ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. மழை என்றால், சந்தாந்தர் நகரில் 1,000 மி.மீட்டருக்கு மேல். ஜூலை, ஆகஸ்டில் மழை குறையும், ஆனால் அடியோடு நிற்காது. இந்த மழையைத் தரும் மலையே அதற்கு மாற்றும் தருகிறது. 2,600 மீட்டரைத் தாண்டும் பிகோஸ் தே யூரோப்பா சிகரங்கள் கடலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலேயே நிற்கின்றன. கரையைத் தாழ்ந்த மேகம் மூடிக் கிடக்கும் நாளில், அந்த மேகத்துக்கு மேலே மலை வெயிலில் குளிப்பதுண்டு. சிகரங்களில் பிற்பகல் இடி திரளும் நாளில் கடற்கரை தெளிந்திருப்பதும் உண்டு. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இரண்டு வானிலைகள்! தேதிவாரி அட்டவணை இந்த வாய்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறிகிறது.

ஆகவே கடலுக்கும் மலைக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடி. அஸ்தூரியாஸில் யானெஸ், காங்காஸ் தே ஒனிஸ் ஊர்களைச் சுற்றிய பகுதி இதற்குப் பொருத்தமானது. பிறகு நாள்களை எண்ணாமல், வானிலைக்கு ஏற்ற தெரிவுகளை எழுதி வை. மலை தெளிந்த நாளுக்கு கோவதோங்கா ஏரிகள். அல்லது ஃபுவென்தே தே என்னும் இடத்தில், 753 மீட்டர் உயரத்தை ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் ஏற்றிவிடும் கேபிள் கார். கடல் கொந்தளிக்கும் நாளையும் வீணென்று நினைக்காதே. அலை உயர்ந்து கடல் ஏற்றமும் சேரும்போதுதான் பிரியா அருகே பாறைத் துளைகள் வழியே கடல்நீர் பீறிட்டு எழும். எட்ட நின்று மட்டும் பார்க்க வேண்டும். குல்பியூரி என்னும் குட்டிக் கடற்கரை வயல்களுக்கு நடுவே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து வரும் கடல்நீர் வற்றத்தின்போது பெரும்பாலும் வடிந்துவிடுவதால், கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். விடாமல் பெய்யும் நாளுக்கு, சாந்தில்யானா தெல் மார் அருகே அல்தமிரா குகை ஓவியங்களின் நகல் குகை இருக்கிறது.

“ஒரே இடத்தில் தங்கினால் கலீசியாவும் பாஸ்க் நாடும் விட்டுப்போகுமே” என்பாய். போகட்டும். நனைந்த கூடாரத்தை மடித்து, அடுத்த ஊரில் ஈரத்தோடு விரிப்பதில் விடுமுறையின் பாதி கரைந்துவிடும். சின்னவர்கள்தான் முதலில் சோர்வார்கள். “ஆகஸ்டில் எல்லாமே நிரம்பிவிடும், முன்பதிவு இல்லாமல் முடியுமா” என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யச் சொல்கிறேன். கோடையில் கோவதோங்கா ஏரிகளுக்குச் சொந்தக் காரில் போகக் கட்டுப்பாடு உண்டு. அங்கே போகும் பேருந்துச் சீட்டையும் கேபிள் கார்ச் சீட்டையும், ஸ்பெயின் வானிலைத் துறையான ஆயெமெத் பிகோஸ் மலைக்கென்று தரும் முன்னறிவிப்பைப் பார்த்தபின் எடு. கிடைக்காவிட்டால் மறுநாள் போகலாம். அட்டவணை இல்லாதவர்களுக்குத்தான் அந்த மறுநாள் இருக்கிறது. “முன்பதிவே வேண்டாம், கடற்கரையிலேயே கூடாரம் போடலாமே” என்று யாராவது சொன்னால் கேட்காதே. 1988-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

நெகிழ்வு என்பது கவனக்குறைவு ஆகிவிடக் கூடாது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ஆகஸ்டிலும் ஒவ்வொருவருக்கும் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வேண்டும். காரெஸ் பள்ளத்தாக்குப் பாதை ஒரு வழிக்கு மட்டும் சுமார் 12 கிலோமீட்டர். பெரும்பகுதி சமதளம்தான் என்றாலும் ஓரத்தில் செங்குத்தான சரிவு. கையைப் பிடித்து நடக்கும் வயதுக் குழந்தைகளுக்கு அது வேண்டாம். அவசர உதவிக்கு 112 என்பதை எல்லோருக்கும் சொல்லி வை. திட்டமிடுவது என்றால் வரப்போவதையெல்லாம் முன்பே தீர்மானிப்பது என்று நினைக்காதே. எது வந்தாலும் ஏற்க வீட்டாரைத் தயார்ப்படுத்துவதே நல்ல திட்டம். அதற்கு உன்னால் முடியும்.

அன்புடன்,
உன் அண்ணன்